போட்டிக் கடைக்கு யார் இணைப்பு கொடுக்கிறார்கள்? டெல்டா தொழில்களுக்கான பேக்லிங்க் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பாத்திரக் கடை, சுவாமிமலையில் சிற்பக்கூடம், வேளாங்கண்ணியில் லாட்ஜ், திருத்துறைப்பூண்டியில் பாரம்பரிய நெல் விற்பனை. இப்படிச் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொண்டு, கூகுளில் தேடினால் அடுத்த தெருக்காரரின் தளம் மட்டும் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. தளத்தை நடத்தத் தெரிந்திருந்தால் போதும், கோடிங் தெரிய வேண்டாம்.

பேக்லிங்க் என்றால் என்ன? கூகுள் அதை ஏன் மதிக்கிறது?

வேறொருவருடைய தளத்தில் இருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புதான் பேக்லிங்க். 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை இது: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களை வேறு யார் யார் சுட்டுகிறார்கள் என்பதை வைத்து மதிப்பு கணக்கிடப்படும். ஒரு பக்கத்துக்கு வந்த மதிப்பு, அதிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குப் பிரிந்து போகும். கல்லணைக்குக் கீழே தண்ணீர் பிரிவது மாதிரிதான். ஐந்து மதகு உள்ள வாய்க்காலில் வரும் பங்கு வேறு, இருநூறு மதகு உள்ள வாய்க்காலின் கடைமடையில் வரும் பங்கு வேறு. இருநூறு கடைகளை வரிசையாக அடுக்கிய பட்டியல் பக்கத்தில் உங்கள் பெயரும் இருப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காததற்கு இதுவே காரணம்.

இன்றைய கூகுள் அந்தப் பழைய சூத்திரத்தோடு நிற்கவில்லை. இணைப்பு பல அளவுகோல்களில் ஒன்று. ஆனாலும், இரண்டு தளங்களின் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒரே தரம் என்றால், முன்னால் நிற்பது பெரும்பாலும் நல்ல இணைப்பு உள்ள தளம்தான்.

என் போட்டியாளர் யார் என்று எனக்கே தெரியும். அவர் தளத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. எதிர்க்கடைக்காரர் உங்கள் வியாபாரப் போட்டியாளர். தேடல் போட்டியாளர் வேறு ஆளாக இருக்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்பவருக்கு கூகுளில் எதிரே நிற்பது சென்னையில் இருந்து நடத்தப்படும் ஆன்லைன் கடையாகவோ, பெங்களூருவில் இருக்கும் பூஜைப் பொருள் தளமாகவோ இருக்கும். நவக்கிரகச் சுற்றுலாவுக்கு வண்டி ஓட்டுபவருக்கு எதிரே காரைக்கால், சிதம்பரம், திருச்சி ஆட்களும் நிற்பார்கள். திருநள்ளாறு புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அங்கிருந்து வரும் இணைப்புகள் இங்குள்ள பட்டியல்களில் தட்டுப்படாது.

எனவே முதல் வேலை பெயர் கண்டுபிடிப்பது. வாடிக்கையாளர் தேடக்கூடிய 10 அல்லது 12 சொற்றொடர்களை எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்குப் பல முகம்: தஞ்சாவூர், தஞ்சை, டாஞ்சூர், கும்பகோணம், குடந்தை, மயிலாடுதுறை, மாயவரம். டாஞ்சூர் என்று தேடுபவர் பெரும்பாலும் ஓவியம் வாங்க வரும் வெளிநாட்டவர் அல்லது வடநாட்டவர். மாயவரம் என்று தேடுபவர் நம்மவர். இரண்டு தேடலிலும் வரும் தளங்கள் ஒன்றாக இருக்காது.

பிரைவேட் விண்டோவைத் திறந்து ஒவ்வொன்றையும் தேடி, விளம்பரத்தையும் வரைபடப் பெட்டியையும் விட்டுவிட்டு, முதல் 10 முடிவுகளை ஷீட்டில் குறியுங்கள். பிரைவேட் விண்டோ உங்கள் பழைய தேடலைத்தான் மறைக்கும். இருக்கும் ஊரை மறைக்காது. சென்னை வாடிக்கையாளர்கள் முக்கியம் என்றால் அங்கிருக்கும் உறவினரிடம் அதே சொற்களைத் தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு எந்தத் தளம் அதிகத் தடவை வந்தது என்று எண்ணுங்கள். அமேசான், ஜஸ்ட்டயல், டிரிப்அட்வைசர், விக்கிபீடியா போன்ற யானைகளைக் கழித்துவிடுங்கள். அவற்றின் இணைப்புப் பட்டியலைப் படிப்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மீதியில் 3 முதல் 5 தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த டூலில் பார்ப்பது? பணம் கட்ட வேண்டுமா?

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற டூல் உங்கள் தளத்தின் இணைப்புகளை மட்டும்தான் காட்டும், அடுத்தவருடையதைக் காட்டாது. முன்பு கூகுள் தேடலிலேயே 'லிங்க்' என்று போட்டு முகவரி கொடுத்தால் கொஞ்சம் காட்டும். அந்த வசதி 2017இலேயே போய்விட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து அதை முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இலவசமாகத் தொடங்க இரண்டு வழி. அஹ்ரெஃப்ஸ் தளத்தின் இலவச பேக்லிங்க் செக்கரில் எந்தத் தளத்தின் முகவரியைக் கொடுத்தாலும் முக்கியமான 100 இணைப்புகளைக் காட்டும். டெல்டாவின் சிறு தொழில் தளங்கள் பலவற்றுக்கு அதுவே முக்கால்வாசிப் படத்தைக் காட்டிவிடும். இன்னொன்று பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ்: உங்கள் தளத்தை அதில் சரிபார்த்துவிட்டால், பேக்லிங்க்ஸ் பகுதியில் போட்டித் தளங்களையும் சேர்த்து ஒப்பிடலாம். பலருக்குத் தெரியாத வசதி இது.

கட்டண டூல்கள் அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ், மோஸ், மெஜஸ்டிக். ஆண்டுச் சந்தா வேண்டாம். ஒரு மாதம் மட்டும் கட்டி, முதல் இரண்டு நாளிலேயே எல்லாப் போட்டியாளரின் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொண்டு சந்தாவை நிறுத்திவிடுங்கள். ஒரே தளத்துக்கு ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு எண்ணிக்கை சொல்லும். ஒவ்வொன்றும் தன் சொந்த ரோபோவை வைத்து இணையத்தை மேய்வதால் வரும் வித்தியாசம் அது. எது சரி என்று மண்டையைப் போட்டு உடைக்காமல், இரண்டு டூலின் பட்டியலை ஒட்டி இரட்டிப்பை நீக்குங்கள்.

டூலைத் திறந்தால் எண்களாகக் கொட்டுகிறது. எதைப் பார்க்க?

'ரெஃபரிங் டொமைன்' எண்ணைப் பாருங்கள். அதாவது எத்தனை தனித்தனித் தளங்கள் இணைத்திருக்கின்றன என்பது. மொத்த பேக்லிங்க் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 3,000 பக்கம் உள்ள ஒரு தளம், எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரும் பகுதியில் ஒரே ஓர் இணைப்பு வைத்தால் 3,000 பேக்லிங்க் என்று கணக்கு காட்டும். தளத்தை வடிவமைத்த கம்பெனி தன் வாடிக்கையாளர் தளங்களை எல்லாம் இப்படி இணைத்திருப்பது அடிக்கடி காணக்கூடியது. போட்டியாளருக்கு 12,000 இணைப்பு என்று பார்த்துப் பயந்தவர்கள் டொமைன் எண்ணிக்கையைப் பார்த்தால் 40கூட இருக்காது.

டிஆர் (டொமைன் ரேட்டிங்), டிஏ (டொமைன் அத்தாரிட்டி), அத்தாரிட்டி ஸ்கோர் ஆகியவை அந்தந்த டூல் கம்பெனிகள் தாமே போடும் மதிப்பெண்கள். கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. வரிசைப்படுத்த உதவும், அவ்வளவுதான். டிஆர் மடக்கை அளவுகோலில் ஏறுவதால் 10இல் இருந்து 20க்குப் போவது எளிது, 60இல் இருந்து 70க்குப் போவது மலை. டிஆர் 8 உள்ள கும்பகோணம் கோயில் பயணக் குறிப்புத் தளத்தின் இணைப்பு, டிஆர் 60 உள்ள சம்பந்தமில்லாத விளையாட்டுச் செய்தித் தளத்தின் இணைப்பைவிட உங்கள் லாட்ஜுக்கு மேல்.

பட்டியலை எக்செல்லில் திறந்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைகின்றன. முகவரிகளில் வெறும் சதவீதக் குறிகள்.

டூலில் இருந்து இறக்கிய பட்டியல், அதாவது சிஎஸ்வி கோப்பை, இரண்டு தடவை கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லில் 'டேட்டா' பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியில் இருந்து கொண்டுவரும் வழியைத் தேர்ந்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். எழுத்து சரியாகிவிடும். சில டூல்கள் யூடிஎஃப்-16 ஆகவும் இறக்கித் தரும். அதற்கும் அதே இடத்தில் மாற்ற வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்தால் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் எழுதப்பட்ட பழைய தமிழ்ப் பக்கம் என்றால் எதில் திறந்தாலும் உடைந்தே தெரியும். அந்தப் பக்கத்தை நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி.

சதவீதக் குறிக்குக் காரணம் வேறு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியில் ஒரு பைட் 3 எழுத்தாக எழுதப்படும். ஆக, ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. 'தஞ்சாவூர்' என்ற சொல்லில் புள்ளி, கால், துணையெழுத்து எல்லாம் சேர்த்து 9 குறியீடு. முகவரியில் அது 81 எழுத்தாக நீளும். படிக்க வேண்டுமானால் பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒட்டுங்கள், தமிழாகத் தெரியும். இதில் உங்களுக்கும் ஒரு பாடம்: வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இவ்வளவு நீள முகவரி நடுவில் அறுந்துபோய், இணைப்பு கொடுத்தவர் அறியாமலே தவறான பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். உங்கள் பக்கத் தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் குட்டையாக வையுங்கள்.

பட்டியலை எப்படிச் சலிப்பது?

மொத்த வேலையின் உயிர் இந்த இடம். அவசரப்படாதீர்கள்.

முதலில் ஒரு டொமைனுக்கு ஒரு வரி என்று சுருக்குங்கள். அடுத்து பதரைத் தூற்றுங்கள். எல்லாத் தளங்களையும் தானாகவே பட்டியலிடும் புள்ளிவிவரத் தளங்கள், படங்களைத் திருடி அடுக்கும் தளங்கள், புரியாத மொழியில் ஆயிரம் இணைப்பு உள்ள பக்கங்கள், கேசினோ, மருந்து, கடன் விளம்பரத் தளங்கள் எல்லாம் போகட்டும். இவை யாரும் கேட்டு வாங்கியவை அல்ல, எல்லாத் தளத்துக்கும் தானாக ஒட்டிக்கொள்பவை. ஒரு பட்டியலில் பாதிக்கு மேல் இங்கேயே கழிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மீதமுள்ள ஒவ்வொரு பக்கத்தையும் உண்மையிலேயே திறந்து பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் டூல் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். ஷீட்டில் ஐந்து பத்தி போதும்: இணைத்த பக்கம், போட்டியாளரின் எந்தப் பக்கத்துக்கு இணைத்திருக்கிறது, எந்தச் சொல்லில் இணைத்திருக்கிறது, அந்த இணைப்பு பக்கத்தின் நடுவிலா ஓரத்திலா, கடைசியாக 'ஏன் கொடுத்தார்'.

அந்த ஐந்தாவது பத்தியை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த வரியால் பயனில்லை. பொருள் சப்ளை செய்ததால் கொடுத்தாரா? விழாவுக்கு உதவி செய்ததாலா? பேட்டி கொடுத்ததாலா? போட்டியாளரின் பக்கத்தில் இருந்த ஒரு விளக்கப்படம் தேவைப்பட்டதாலா? பெயர்ப்பட்டியல் என்பதாலா? காசு கொடுத்ததாலா? காரணம் தெரிந்தால்தான் அதே காரணத்தை நீங்களும் உண்டாக்க முடியும். தளப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கதவைத் தட்டினால் யாரும் திறக்கமாட்டார்கள்.

நம் பகுதியில் எந்த மாதிரிக் காரணங்கள் கிடைக்கும்?

கோயில் பயணக் குறிப்பு எழுதுபவர்கள்தான் முதல் வரிசை. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க எழுதப்படும் குறிப்புகளுக்குத் தங்கும் இடம், சாப்பாடு, வண்டி, அருகில் பார்க்க வேண்டிய கைத்தொழில் என்று வெளி இணைப்பு தேவைப்படும். ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் எந்த வரிசையில் போனால் நடை சாத்தும் நேரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று தெளிவாக ஒரு பக்கம் போட்டவருக்கு இணைப்பு தானாக வரும்.

அடுத்து கைத்தொழில். சுவாமிமலைச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் வீணை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைப் பற்றி எழுதுபவர்கள், வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள், அருங்காட்சியகப் பணியாளர்கள் எல்லோரும் செய்முறையைத் தேடுகிறார்கள். விலைப்பட்டியல் பக்கத்துக்கு யாரும் இணைப்பு தருவதில்லை. தேன்மெழுகில் உருவம் செய்வது, காவிரி வண்டல் மண் பூசுவது, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுவது, உலோகம் ஊற்றுவது, செதுக்கிக் கண் திறப்பது என்று படிக்கு ஒரு தெளிவான படத்தோடு விளக்கிய பக்கத்துக்குத் தருகிறார்கள். போட்டியாளர் பட்டியலில் பல்கலைக்கழகத் தளம் ஏதும் தென்பட்டால், அது பெரும்பாலும் இத்தகைய பக்கத்துக்கே போயிருக்கும்.

உணவு, விவசாயத் தொழில்களுக்கு நிறுவனங்களே நல்ல மூலம். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. பயிற்சி, கருத்தரங்கு, கண்காட்சி நடந்த செய்திக் குறிப்புகளில் பங்கேற்ற நிறுவனங்களின் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா போன்ற நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி பற்றிய வயது, உயரம், விளைச்சல் விவரம் தேவை. ரக வாரியாக நீங்கள் அட்டவணை போட்டிருந்தால் அதைச் சுட்டுவார்கள்.

விழாக்கள் தனி வகை. திருவையாறு தியாகராஜர் ஆராதனை, மகாசிவராத்திரி நாட்டியாஞ்சலி, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி. வெளியூர்க்காரர்கள் இரண்டு மாதம் முன்பே தேடத் தொடங்குகிறார்கள். உங்கள் பக்கம் விழா வாரத்தில் போடப்பட்டால், குறிப்பு எழுதுபவர்கள் வேறு ஒருவரை இணைத்து முடித்திருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் சரக்கு வாங்கும் இடமும் விற்கும் இடமும். போட்டியாளரின் பெயர் சப்ளையரின் 'எங்கள் டீலர்கள்' பக்கத்தில் இருந்தால், அதே சப்ளையரிடம் நீங்களும் வாங்குகிறீர்கள் என்றால், ஒரு போன் போதும்.

ஐந்து போட்டியாளர், ஐந்து பட்டியல். எங்கிருந்து ஆரம்பிக்க?

இரண்டு பேருக்கு மேல் இணைத்து, உங்களை மட்டும் இணைக்காத தளங்களில் இருந்து. அஹ்ரெஃப்ஸில் லிங்க் இன்டர்செக்ட், செம்ரஷில் பேக்லிங்க் கேப் என்ற பெயரில் இது கிடைக்கும். டூல் இல்லையென்றால் எல்லா டொமைன்களையும் ஒரே பத்தியில் ஒட்டி, ஒரு பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரத்தைப் பக்கத்துப் பத்தியில் போட்டு, 2க்கு மேல் வருபவற்றை வடிகட்டுங்கள். ஒட்டும் முன் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' முன்னொட்டையும் கடைசிச் சாய்கோட்டையும் நீக்காவிட்டால் ஒரே தளம் இரண்டாக எண்ணப்படும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

நோஃபாலோ இணைப்பைக் கழித்துவிடலாமா?

கண்ணை மூடிக்கொண்டு கழிக்க வேண்டாம். நோஃபாலோ என்பது இணைப்பு கொடுப்பவர் அந்த இணைப்பில் போடும் ஒரு குறி. 2005இல் அது வந்தபோது 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்பது கட்டளை. 2019 செப்டம்பரில் கூகுள் விளம்பர இணைப்புக்கு ஸ்பான்சர்ட், வாசகர் எழுதியதற்கு யூஜிசி என்று இரண்டு குறியைச் சேர்த்து, மூன்றையும் கட்டளையாக அல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. விக்கிபீடியாவின் வெளி இணைப்புகள் எல்லாம் நோஃபாலோ. ஆனாலும் அதைப் படித்துவிட்டு எழுதும் பத்திரிகையாளர் சாதாரண இணைப்பு கொடுப்பார். ஆட்கள் படிக்கும் பக்கமா என்று மட்டும் பாருங்கள்.

ஆங்கர் சொல் எப்படி இருக்க வேண்டும்?

இணைப்பு ஒட்டப்பட்டிருக்கும் சொல்தான் ஆங்கர். இயல்பாகக் கிடைத்த பட்டியலில் கடைப் பெயர், வெறும் முகவரி, 'இங்கே பார்க்கவும்' என்று கலந்து கிடக்கும். போட்டியாளர் பட்டியலில் பத்துக்கு எட்டு 'கும்பகோணம் சிறந்த பித்தளை விளக்கு' என்று ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால், அது வாங்கப்பட்டது. அதைப் பின்பற்றாதீர்கள். படத்தின் மேல் இணைப்பு இருந்தால் படத்தின் மாற்று உரையே (படம் தெரியாதபோது அதன் இடத்தில் வரும் சொற்கள்) ஆங்கராக எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் சின்னத்தை யாருக்காவது கொடுக்கும்போது அந்த உரையில் கடைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடிப்போன தளங்களின் இணைப்பைப் பிடிக்கலாம் என்கிறார்களே?

பிடிக்கலாம். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஆதாயம் உள்ள வழி இது. போட்டியாளரின் எந்தப் பக்கங்கள் 404 (பக்கம் இல்லை) என்று வருகின்றனவோ, அவற்றுக்கு இன்னும் யார் இணைப்பு வைத்திருக்கிறார்கள் என்று டூலில் வடிகட்டுங்கள். அந்தப் பக்கத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பாருங்கள். அதே தேவைக்கு, ஆனால் இன்றைய விவரத்தோடு, ஒரு பக்கம் எழுதி இணைப்பு வைத்திருப்பவருக்குத் தெரிவியுங்கள். பழைய உரையை அப்படியே நகல் எடுப்பது திருட்டு, அதைச் செய்யாதீர்கள்.

கும்பகோணத்துக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2016 மகாமகத்துக்காக எழுதப்பட்ட தங்குமிட, பேருந்து, தீர்த்தக் குறிப்புகளைத் தேடி அவற்றின் இணைப்புகளைச் சோதியுங்கள். அடுத்த மகாமகம் 2028. அந்தப் பக்கங்களை வைத்திருப்பவர்கள் எப்படியும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். குளத்தின் 20 தீர்த்தங்களின் விவரமும் ரயில் நிலையத்தில் இருந்து நடை தூரமும் உள்ள பக்கம் உங்களிடம் இப்போதே தயாராக இருந்தால், கேட்கும்போது கொடுக்கலாம்.

இணைப்பு கேட்டு எப்படி எழுதுவது?

பக்கம் தமிழில் இருந்தால் தமிழில் எழுதுங்கள். ஆறு வரிக்கு மேல் வேண்டாம். இப்படி:

'வணக்கம். தாராசுரம் பற்றிய உங்கள் கட்டுரையில் தங்கும் இடங்கள் பகுதியின் மூன்றாவது இணைப்பு இப்போது திறக்கவில்லை. நாங்கள் தாராசுரத்தில் விடுதி நடத்துகிறோம். கோயில் திறக்கும் நேரம், பேருந்து எண், நடை தூரம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் போட்டிருக்கிறோம், முகவரி கீழே. உங்கள் வாசகர்களுக்கு உதவும் என்று பட்டால் அந்த இடத்தில் சேர்க்கலாம். எப்படியானாலும் அந்த இணைப்பை நீக்கிவிடுவது நல்லது.'

புகழ்ச்சி வேண்டாம், மின்னஞ்சலோடு கோப்பு எதையும் சேர்த்து அனுப்ப வேண்டாம், எந்தச் சொல்லில் இணைக்க வேண்டும் என்று உத்தரவு போட வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் மின்னஞ்சலைவிட நேரில் போய்ப் பேசுவதே பலிக்கும். அறநிலையத் துறைத் தளமோ மாவட்ட நிர்வாகத் தளமோ உங்கள் கடைக்கு இணைப்பு தரும் என்று எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

'ஆயிரம் பேக்லிங்க், சில ஆயிரம் ரூபாய்' என்று விற்கிறார்கள். போட்டியாளரும் வாங்கித்தான் மேலே வந்தார் போலிருக்கிறது.

வாங்கினார் என்பது உண்மையாக இருக்கலாம், அதனால்தான் மேலே வந்தார் என்பது தனிக் கேள்வி. ரேங்குக்காகக் காசு கொடுத்து இணைப்பு வாங்குவதும், அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வதும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் மாற்றம் இத்தகைய தளங்களைக் கீழே தள்ளியது. 2016இல் அது கூகுளின் மூல முறையிலேயே சேர்ந்துவிட்டது. அப்போதிருந்து பெரும்பாலும் தளத்தைத் தண்டிப்பதைவிட, அந்த இணைப்பைச் செல்லாக்காசாக ஆக்கிவிடுகிறது. ஆக, கொடுத்த பணம் ஆற்றில் போட்ட மாதிரி. மோசமானால் ஆள் பார்த்துத் தரும் தண்டனையும் உண்டு. சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அது தெரியும்.

விழாவுக்கு நன்கொடை கொடுத்துப் பெயர் போடச் சொல்வது தவறல்ல. அந்த இணைப்புக்கு ஸ்பான்சர்ட் குறி போடச் சொல்லுங்கள்.

குப்பை இணைப்புகள் என் தளத்துக்கும் வருகின்றன. டிஸ்அவோ (இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) செய்யணுமா?

நீங்களோ, முன்பு வேலை பார்த்த ஏஜென்சியோ வாங்கிச் சேர்த்த இணைப்பு நிறைய இருந்து, தண்டனை வந்திருந்தால் அல்லது வரும் என்று தெரிந்தால் மட்டும். தானாக வரும் குப்பையை கூகுள் பொருட்படுத்துவதில்லை. செய்ய வேண்டி வந்தால்: யூடிஎஃப்-8 உரைக் கோப்பு, வரிக்கு ஒரு முகவரி, முழுத் தளத்தையும் விலக்க முன்னால் டொமைன் என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும். கோப்பு 2 எம்பிக்கும் 1,00,000 வரிக்கும் மிகாமல் இருக்க வேண்டும். புதுக் கோப்பு ஏற்றினால் பழையது அழிந்துவிடும் என்பதால் எப்போதும் முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள். டூல் சிவப்பில் 'டாக்சிக்' என்று காட்டுவதை எல்லாம் தூக்கிப் போட்டு, நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்கள் உண்டு.

போட்டியாளருக்கு இணைப்பே இல்லை, ஆனாலும் மேலே இருக்கிறாரே?

அப்படியானால் காரணத்தை இணைப்பில் தேடாதீர்கள். அவருடைய பக்கம் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறதா, உங்களுடையது முகப்புப் பக்கத்தில் எல்லாவற்றையும் திணித்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் தேடும் சொற்களுக்குப் போட்டி குறைவு; ஒழுங்காக எழுதிய ஒரு தமிழ்ப் பக்கமே இணைப்பில்லாமல் முதல் பக்கத்துக்கு வருவது உண்டு. அவர் பழைய டொமைனில் இருந்து 301 மூலம், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டின் மூலம், புதியதற்கு மாறியிருக்கலாம். பழைய பெயரையும் டூலில் போட்டுப் பாருங்கள். சிலர் இணைப்பு டூல்களின் ரோபோக்களைத் தடுத்தும் வைப்பார்கள்.

வரைபடத்தில் வரும் மூன்று கடைகளுக்கும் இதே கணக்கா?

இல்லை. அங்கே பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றும் சேர்ந்து முடிவாகிறது. இணைப்பு பிரபலத்தில் ஒரு பகுதி, ரிவ்யூவும் அப்படியே. இதில் நம் பகுதிக்கே உரிய சிக்கல் முகவரி. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டம் ஆனது. சீர்காழி, தரங்கம்பாடிக் கடைகளின் பழைய பதிவுகளில் இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கும். கும்பகோணத்தின் 0435க்குப் பதில் தஞ்சாவூரின் 04362 போட்டுப் பதிவானவையும் உண்டு. பெயர், முகவரி, போன் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும்படி முதலில் திருத்துங்கள். புது இணைப்பு தேடுவது அதற்கு அப்புறம்.

பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

கிடைத்த இணைப்பைக் கூகுள் ரோபோ பார்க்கவே சில நாள் முதல் சில வாரம் ஆகும். ரேங்கில் அசைவு தெரிய மாதங்கள் ஆகலாம். நடுவில் தளத்தின் வடிவமைப்பையும் தலைப்புகளையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது, எனவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். போட்டியாளர் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய ஷீட்டோடு ஒப்பிட்டுப் புதிதாக வந்த டொமைன்களை மட்டும் பாருங்கள். விழாக்காலத் தொழில் என்றால் சீசன் முடிந்த மறுமாதம் ஒரு தடவை கூடுதலாக எடுங்கள், யார் யார் எழுதினார்கள் என்பது அப்போதுதான் முழுதாகத் தெரியும். உங்களுக்குக் கிடைத்த இணைப்புகளையும் அதே நாளில் திறந்து சோதியுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது அவர்கள் அதை அகற்றியிருக்கலாம், அல்லது நீங்களே அந்தப் பக்கத்தின் முகவரியை மாற்றிவிட்டு 301 போட மறந்திருக்கலாம்.